பொம்மைக் குழி

மண்டையோடு வெளியே வந்தபோது ஐயாசாமி பிடித்திருந்த குடையைக் கீழே போட்டுவிட்டார். தூறல் நிற்கவில்லை. எழுபத்தொன்பது வயதுக்காரர், இளைப்பு உள்ளவர், நனையவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம் இருந்தது? குழிக்குள் நின்ற இந்தோனேசியத் தொழிலாளி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "ஆடா ஓராங், பாக்சிக்" என்றான். உள்ளே ஆள் இருக்கிறது, பெரியவரே என்று அர்த்தம்.

ஆள் இருக்கக்கூடாத குழி அது.

சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு வரப்போகிறது. இடுகாட்டில் சொந்தக்காரர்களைப் புதைத்தவர்கள் எலும்பை எடுத்து எரித்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. தோட்டத்துக் கோயிலின் தலைவர் கமலநாதன் ஊர் ஊராகப் போன் போட்டு ஆள் சேர்த்தார். தம்போயில் மகள் வீட்டில் இருந்த ஐயாசாமியும் கிளம்பி வந்தார். அவருக்கு அங்கே இரண்டு வேலை. தாயும் தகப்பனும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். அவர்களை எடுக்கவேண்டும். அடுத்தது, தாயின் முதல் புருசன் காளியப்பனுடைய குழியின் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுக்கவேண்டும்.

ஒரு பிடி மண்தான், எலும்பு இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டத்து ஆண்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் போனவர் காளியப்பன். திரும்பவில்லை. கூடப் போய்த் தப்பி வந்த ஒருவன், காலரா கண்ட கொட்டகையில் அவரைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னான். உடல் கிடைக்காமல் செத்தவனுக்கு என்ன வழக்கமோ அதைச் செய்தார்கள். லாலாங் புல்லில் ஓர் ஆள் உயரத்துக்குப் பொம்மை கட்டி, காளியப்பனின் சட்டையையும் வேட்டியையும் அதற்கு உடுத்தி, மாலை போட்டு, அழுது, தாலி அறுத்து, குழியில் இறக்கிக் கருமாதியும் முடித்தார்கள். அன்றிலிருந்து அதற்குப் பொம்மைக் குழி என்றே பேர். அந்தக் குழியில்தான் இப்போது பல்வரிசையோடு ஒரு மனிதன் படுத்திருந்தான்.

"அலமாக்," என்றார் கமலநாதன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

ஐயாசாமி குழியின் ஓரத்தைவிட்டு இரண்டடி பின்னால் போனார். காரணம் இருந்தது. இந்தக் குடும்பத்துக் கதையை அவர் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. மைக் கையில் கிடைத்தால் போதும், மனிதர் ஆரம்பித்துவிடுவார். கணவனை இழந்து கையில் பெண் குழந்தையோடு நின்ற கிருஷ்ணம்மாவை, காளியப்பனின் உயிர்த்தோழன் அர்ச்சுனன் கட்டிக்கொண்ட கதை. தொழிலாளர் லயமே எதிர்த்தது, கங்காணி அரிவாளைத் தூக்கினான், அர்ச்சுனன் மாரியம்மன் சன்னிதியில் எல்லார் முன்னாலும் தாலி கட்டினார். முதல் சில வருடங்களில் அந்தக் கதையில் கங்காணி வெறுங்கையோடுதான் வந்தான். அரிவாள் பிறகு சேர்ந்தது. தம் தகப்பன்மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

கதையின் இன்னொரு பாதியைப் பெண்கள் விரும்பிக் கேட்பார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஐயாசாமியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த கிருஷ்ணம்மா, நாள் தவறாமல் பொம்மைக் குழிக்குப் போய்க் காளியப்பனுக்கு இலையில் சோறு படைத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் இலை வழித்துத் துடைத்தாற்போல இருக்கும். செத்தவனே வந்து தின்றுவிட்டுப் போகிறான் என்று தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. அதைத் தடுக்காத அர்ச்சுனனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லி, ஐயாசாமி அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். கைதட்டு வரும்.

காவல்துறை வந்து எலும்புகளை எடுத்துக்கொண்டு போனது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆண், முப்பதை ஒட்டிய வயது, புதைத்துப் பல பத்து வருடம் ஆகிவிட்டது, வெட்டோ அடியோ பட்ட அடையாளம் இல்லை என்று சொன்னார்கள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு அரித்துப் போயிருந்தது, அது பழைய புண் என்றார்கள். எலும்போடு ஒரு செம்புத் தாயத்தும் கிடைத்தது. சந்தேகப்பட ஆளும் இல்லை, சாட்சியும் இல்லை, குடும்பம் எடுத்துக் காரியம் செய்துகொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் வாட்ஸ்அப் திருப்பிக் கொடுக்குமா? பழைய தோட்டத்து ஆட்கள் சேர்ந்திருந்த குழுவில் இரண்டே நாளில் தீர்ப்பு வந்துவிட்டது. காளியப்பன் திரும்பி வந்திருக்கிறார், பெண்டாட்டியைப் பறிகொடுக்க மனமில்லாமல் அர்ச்சுனன் அவரைத் தீர்த்துக்கட்டி, யாரும் தோண்டிப் பார்க்காத குழியில் போட்டு மூடிவிட்டான். கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேசினார்கள். விஷம் என்றான் ஒருவன். தலையணை என்றான் இன்னொருவன். எல்லாம் நேரில் பார்த்தவன்போல.

கமலநாதன் போனில் மென்று விழுங்கினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. குளுவாங் மின்சுடலையில ஞாயித்துக்கிழமைக்கு எடம் வாங்கிட்டேன். ஆனா அந்த எலும்புக்கு நீங்க கொள்ளி வச்சா நாங்க வரமாட்டோம்னு சில பேரு சொல்றாங்க. அர்ச்சுனன் மகன் எப்படி வைக்கலாம்னு கேக்குறாங்க."

"எங்கப்பா கொலைகாரர்னு நீங்களும் நம்புறீங்களா?"

"நான் என்னத்தண்ணே கண்டேன்? நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது. தெரிஞ்ச ஆளு இனி யாரு இருக்கா?"

ஒரே ஒரு ஆள் இருந்தாள். ஐயாசாமியின் அக்கா சந்திரமதி, காளியப்பனுக்குப் பிறந்த மகள், தொண்ணூறை எட்டப் போகிறவள். லாயாங் லாயாங்கில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ரயில்வேயில் வேலை பார்த்துச் செத்துப்போன புருசன் விட்டுவிட்டுப் போன பலகை வீட்டில் தனியாக இருந்தாள். குழிகளைத் தோண்டப் போகிறோம் என்று சொன்னபோதே அவள், "அம்மாவையும் உங்கப்பாவையும் எடுத்துக்க. அந்தக் குழிய விட்டுடு, புல்லைத் தோண்டி என்ன பண்ணப் போற" என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு அது சாதாரணப் பேச்சாகப் பட்டது. இப்போது ஐயாசாமிக்கு அந்தப் பேச்சு வேறு மாதிரிக் கேட்டது.

வெள்ளிக்கிழமை, மகள் யோகேஸ்வரி பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தாள். வழியெல்லாம் மழை. ஐயாசாமி வாயே திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் வந்த முதல் பயணம் அதுதான் என்று யோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

சந்திரமதி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வருவார்கள் என்று தெரிந்தவள்போல் இருந்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"அதெல்லாம் ஆச்சுக்கா." ஐயாசாமி போனை நீட்டினார். தாயத்தின் படம். "இது யாரோடதுன்னு பாரு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எங்கப்பாவோடது. சயாமுக்குப் போறப்ப அம்மா கட்டிவிட்டது."

ஐயாசாமி கட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தார். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. வேறு யாரோ வழிப்போக்கனாக இருக்கலாம் என்று அவர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"அப்ப அவரு திரும்பி வந்தாரா?"

"வந்தாரு."

"எங்கப்பா அவரைக் கொன்னாராக்கா? எனக்கு இது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஊரு ஆயிரம் பேசட்டும். நீ சொல்லு."

சந்திரமதி கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். யோகேஸ்வரியைப் பார்த்து, "நீயும் உக்காரும்மா, இது சின்னக் கதையில்ல" என்றாள்.

காளியப்பன் வந்தது ஒரு சாயங்காலம். சயாமிலிருந்து பாதி நடையும் பாதி பிச்சையுமாக வந்து சேர்ந்தவர், லயத்து முனையில் நின்று பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் பேய் என்று அலறினாள். ஆண்கள் ஓடி வந்தார்கள். கருமாதி முடிந்த மனிதன், எலும்பும் தோலுமாக, கால் அழுகிய நாற்றத்தோடு நின்றான். கல்லெடுத்து எறிந்தார்கள். அவர் இடுகாட்டுப் பக்கம் ஓடினார்.

"பேய்னு நெஜமாவே நம்பினாங்களா பெரியத்தை?" என்றாள் யோகேஸ்வரி.

"மொத நாளு நம்புனாங்க. அப்புறம் பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாங்க. தெரிஞ்சதா காட்டிக்கிட்டா என்ன பண்ணுவ? அவரு உசுரோட இருந்தா அம்மா கழுத்துல கெடக்குற தாலி என்ன தாலி? வயித்துல இருக்குற புள்ள என்ன புள்ள? கருமாதி பண்ணுன ஊரு என்ன ஊரு? அவரு செத்தவராவே இருக்கட்டும்னு எல்லாருமா விட்டுட்டாங்க."

கிருஷ்ணம்மா விடவில்லை. ஆவி நடமாடுகிறது என்று கேட்ட மறுநாளே, படையல் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். பொம்மைக் குழிக்குப் பின்னால் புதருக்குள் தட்டி சாய்த்து அவர் கிடந்தார். கிருஷ்ணம்மா இலையைக் குழிமேல் வைத்தாள். அவர் ஊர்ந்து வந்து தின்றார். அவள் சேலை முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் அப்பான்னு ஓடுனேன். கையத் தூக்கித் தடுத்துட்டாரு. 'செத்தவன் தொடக்கூடாதும்மா'ன்னாரு." சந்திரமதி அவர் தடுத்த மாதிரியே கையைத் தூக்கிக் காட்டினாள். "அதுக்கப்புறம் தினம் சோறு போச்சு. படையல்னு எல்லாரும் கும்பிட்டாங்க. அவரு கால வச்சுக்கிட்டு நடக்க முடியல. புள்ள பொறக்கட்டும், நீ எந்திரிச்சதும் எங்கயாவது ஆஸ்பத்திரில சேத்துவிடு, வேற பேரு சொல்லிக்கிறேன்னு அவரே சொன்னாராம். அம்மா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தா. அவமேல அவரு உசுரையே வச்சிருந்தாரு. ஒரு வார்த்தை குத்திப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பொறந்த."

பிள்ளை பெற்ற வீடு தீட்டு வீடு. தீட்டு கழிகிற வரைக்கும் தாய் வாசல்படி தாண்டக்கூடாது, இடுகாட்டுப் பக்கம் நினைக்கவே கூடாது. கிருஷ்ணம்மா படுத்த இடத்திலிருந்தே பொட்டலம் கட்டிப் புருசன் கையில் கொடுத்தாள். குழிமேல வச்சிட்டு வந்திடுங்க என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அர்ச்சுனன் வாங்கிக்கொண்டு போனார். வெறுங்கையோடு வந்தார். வச்சீங்களா என்று கேட்டாள். வச்சேன் என்றார். மறுநாளும் அப்படியே. பிறகு கிருஷ்ணம்மாவுக்கு ஜன்னி கண்டு நினைவு தவறிவிட்டது.

"ஒருநாள் நான் அவரு பின்னாடியே போனேன். அப்பா சாப்பிடுறதப் பாக்கலாம்னு போனேன். உங்கப்பா ஓடை வரைக்கும்தான் போனாரு. பொட்டலத்தப் பிரிச்சாரு. சோத்தத் தண்ணியில விட்டாரு."

ஐயாசாமி பாய்ந்து பிடித்துக்கொண்டார். முங்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த அவசரம் அவருக்கு. "தீட்டுக்கா! தீட்டு வீட்டுச் சோத்தச் செத்தவங்களுக்குப் படைக்கக்கூடாது, பாவம்! அதுக்குத்தான் ஓடையில விட்டிருப்பாரு. ஆளு உள்ள இருக்குறது அவருக்கு எப்படித் தெரியும்? அம்மாதான் சொல்லலியே!"

"அம்மாகிட்ட அவரும் அதத்தான் சொன்னாரு. தீட்டுன்னு."

"பாத்தியா!"

"சோத்த விட்டுட்டு அங்கயே உக்காந்துட்டாருடா. தன் வாயிலயே அடிச்சுக்கிட்டு அழுதாரு. தெரியாம விட்டவன் எதுக்கு அழுவான்?"

யோகேஸ்வரி தகப்பனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"மறுநாள் நானே கஞ்சிய எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன்," என்றாள் சந்திரமதி. "வாசல்லயே பிடிச்சுட்டாரு. அடிக்கல, திட்டல. மடியில உக்கார வச்சுக்கிட்டாரு. அங்கல்லாம் போகக்கூடாது கண்ணு, பேய் பிடிச்சுக்கும்னு சொல்லி, அந்தக் கஞ்சிய எனக்கே ஊட்டிவிட்டாரு. பூராத்தையும் ஊட்டிவிட்டாரு. அன்பாத்தான் ஊட்டுனாரு. அதுதான் எனக்குப் போக மாட்டேங்குது."

கிருஷ்ணம்மா எழுந்து நடமாடிய அன்றைக்கு முதல் வேலையாக இடுகாட்டுக்கு ஓடினாள். காளியப்பன் குழிமேல் குப்புறக் கிடந்தார். உடல் விறைத்திருந்தது. வீட்டுக்கு வந்தவளிடம் மகள் ஓடையில் கண்டதைச் சொன்னாள். கிருஷ்ணம்மா கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. புருசனைப் பார்த்து, "மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். இருவரும் பொம்மைக் குழியைத் தோண்டினார்கள். புல்பொம்மை மக்கிப் போயிருந்தது. அவருக்கென்று இருந்த குழியில் அவரை வைத்து மூடினார்கள்.

"அதுக்கப்புறமும் எப்படிக்கா அவரோட குடும்பம் நடத்துனாங்க?"

"உன்ன வச்சுக்கிட்டு வேற என்ன பண்ணுவா? அதோட அவரு மேலயும் அவளுக்கு ஆசதான்டா. அதான் கொடும. அவரும் அவளை இழக்க முடியாமத்தான் அப்படிப் பண்ணாரு. நீ கல்யாண வீட்டுல சொல்ற கதையில பொய் ஒண்ணுமில்ல. பாதிதான் சொல்லுவ."

"நான் பொறக்காம இருந்திருந்தா..."

"அறைஞ்சிடுவேன். உன்ன இடுப்புல தூக்கி வளத்தவ நான். உன்மேல கோவம் இருந்திருந்தா அப்பவே கீழ போட்டிருப்பேன்லா." ஒரு கணம் அவள் சிரித்தாற்போல் இருந்தது. "உங்கப்பாமேலயும் கோவப்படத் தெரியல. அவரு போட்ட சோத்தத் தின்னுதான் வளந்தேன். ஆனா எங்கப்பா அங்க பசியோட கெடந்தாரு. ரெண்டும் ஒண்ணாத்தான் உள்ள கெடக்குது. இத்தன வருசமா அதுங்க சேரவேயில்ல."

காரில் திரும்பும்போது யோகேஸ்வரிதான் பேசினாள். "அப்பா, இத வெளிய சொல்ல வேணாம். அடிபட்ட காயம் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நோயில செத்தாருன்னு சொல்லிடலாம். பேசுறவன் நாலு நாளு பேசுவான், அப்புறம் வேற வேலை வந்துடும். தாத்தா பேரு அப்படியே இருக்கும்."

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஐயாசாமி அன்று இரவு முழுக்க அதையேதான் திருப்பித் திருப்பி நினைத்தார். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபம்! ஒரு தோட்டமே மூடிக்கொண்டிருந்ததே. தகப்பன் அடிக்கவில்லை, வெட்டவில்லை, விஷம் வைக்கவில்லை. இதைக் கொலை என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. அதை நினைக்க நினைக்க அவருக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். மாறாக, மகள் வைத்த சோற்றுத் தட்டைத் தொடாமலே தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை குளுவாங் மின்சுடலைக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். வரமாட்டோம் என்றவர்கள்தான் முதல் வரிசையில் நின்றார்கள். கிருஷ்ணம்மாவின் பெட்டிக்கும் அர்ச்சுனனின் பெட்டிக்கும் ஐயாசாமி செய்ய வேண்டியதைச் செய்து உள்ளே அனுப்பியாயிற்று. மூன்றாவது பெட்டி வெள்ளைத் துணிக்குள் இருந்தது. காரியம் செய்துவைக்க வந்த பண்டாரம் கற்பூரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "யாரு கொள்ளி?" என்று கேட்டார்.

ஐயாசாமி ஓர் அடி முன்னால் வைத்தார். அதே நேரம் வாசலில் யோகேஸ்வரியின் கார் வந்து நின்றது. யோகேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில் சந்திரமதி இறங்கி வந்தாள். வரமாட்டேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவள்.

"நகருடா," என்றாள் தம்பியிடம். "எங்கப்பாவுக்கு நான் வைக்கிறேன்."

"பொம்பள வைக்குறதா?" என்று எவனோ முணுமுணுத்தான். சந்திரமதி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வாய்க்கரிசித் தட்டைப் பண்டாரத்தின் கையிலிருந்து வாங்கித் தம்பியின் கையில் கொடுத்தாள்.

"தீய நான் வைக்கிறேன். அரிசிய நீ போடு."

கமலநாதன் குறுக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை, முறை தெரிந்தவர். "அம்மா, வாய்க்கரிசி போடுறதுக்கும் ஒரு உறவுமுறை வேணும்ல? அண்ணன் எந்த முறையில போடுறாரு?"

எல்லாரும் ஐயாசாமியைப் பார்த்தார்கள். யோகேஸ்வரி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் தட்டைப் பார்த்தார். மைக் இல்லாமல், குரல் ஏற்றாமல், வாழ்நாளில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார்.

"இவரு திரும்பி வந்தாரு. பசியிலதான் செத்தாரு. இவருக்குன்னு கொடுத்தனுப்பின சோறு எங்கப்பா கையில இருந்துச்சு. அவரு போடல. அவரு மகன் நான் போடுறேன்."

தலையணை என்று சொன்னவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐயாசாமி துணியை விலக்கி, அரிசியை அள்ளி, அந்த வாயிருந்த இடத்தில் போட்டார். மறுபடி அள்ளிப் போட்டார். மூன்றாவது முறையும் போட்டுவிட்டு, மூன்றுதான் வழக்கம் என்பதால், கையைத் துடைத்துக்கொள்ளப் போனார்.

"இன்னும் போடுடா," என்றாள் அக்கா.

தட்டு காலியாகும்வரை அவர் போட்டார்.